பிள்ளைக்கான பராமரிப்புத் தொகை: அது யாருடைய காசு?

“மாசாமாசம் அவளுக்கு எண்ணூறு வெள்ளி அனுப்புறேன். அவ புதுசா கைப்பேசி வாங்கிக்கிறா. நான் எதுக்கு அனுப்பணும்?”

“நாலு மாசமா ஒரு காசு வரல. ஆனா ஞாயித்துக்கிழமை வந்தா பிள்ளைய மட்டும் அனுப்பி வைக்கணுமாம். நான் எதுக்கு அனுப்பணும்?”

ஒரே மாலையில் ஒரு சமூக மன்றத்தில் கேட்ட பேச்சு இது. முதலில் பேசியவர் ஒரு தந்தை, அடுத்துப் பேசியவர் ஒரு தாய். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. நான் வழக்கறிஞர் இல்லை. இலவசச் சட்ட ஆலோசனை நடக்கும் மாலைகளில், ஆங்கிலத்தில் மனம்விட்டுப் பேச முடியாதவர்களுக்கு மொழிபெயர்த்து உதவும் தொண்டூழியர். அந்த மேசையில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒன்று புரிந்தது. பிரிந்து வாழும் பெற்றோரில் பலர் பராமரிப்புத் தொகையைத் தங்கள் இருவருக்கும் இடையிலான கணக்காகவே பார்க்கிறார்கள். ஆனால் சட்டம் அந்தக் காசைப் பிள்ளையின் பெயரில் எழுதி வைத்திருக்கிறது. இந்த ஒன்று பிடிபட்டால் மற்ற விதிகளெல்லாம் தாமாகவே விளங்கிவிடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெயரிலேயே தொடங்கும் குழப்பம்

நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் ‘ஜீவனாம்சம்’ என்ற ஒரே சொல்தான். மனைவிக்குக் கொடுப்பதும் ஜீவனாம்சம், பிள்ளைக்குக் கொடுப்பதும் ஜீவனாம்சம். சிங்கப்பூர்ச் சட்டத்தில் இவை இரண்டும் வெவ்வேறு. பிள்ளைக்கான பராமரிப்புத் தொகை என்பது பிள்ளையின் உணவு, உடை, இருப்பிடம், படிப்பு, மருத்துவம் ஆகியவற்றுக்காகப் பெற்றோர் தர வேண்டிய பணம். மனைவிக்கான தொகை தனி. முன்னாள் மனைவி மறுமணம் செய்துகொண்டால் அவருக்கான தொகை நின்றுவிடும். பிள்ளைக்கான தொகை நிற்காது. அம்மா யாரை மணந்தாலும் அப்பா அப்பாதானே.

இதற்கான சட்டம் 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம். பெயரைக் கேட்டதும், ‘பெண்களுக்குச் சாதகமான சட்டம்’ என்று ஆண்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆனால் அதன் 68ஆம் பிரிவு பிள்ளையைப் பராமரிக்கும் கடமையைத் தாய், தந்தை இருவர் மீதும்தான் வைக்கிறது. பிள்ளை யாரிடம் இருந்தாலும் அந்தக் கடமை உண்டு. பெற்றோருக்குத் திருமணம் நடந்திருந்தாலும் நடக்காவிட்டாலும் உண்டு. பிள்ளை அப்பாவிடம் வளர்ந்தால், அம்மாவிடம் அவர் பராமரிப்புத் தொகை கேட்கலாம். எங்கள் மேசைக்கு அப்படி வந்த தந்தையரும் இருக்கிறார்கள். கேட்கக் கூச்சப்படுவார்கள். ஆனால் கேட்பது தமக்காக இல்லையே, பிள்ளைக்காகத்தானே!

அம்மாவின் மருத்துவச் செலவைப் பகிர்வது போல

சட்டத்தை விடுங்கள், நாம் ஏற்கெனவே செய்துவரும் ஒன்றைப் பார்ப்போம். வயதான அம்மாவுக்கு மாதம் ஆயிரம் வெள்ளி செலவாகிறது. பிள்ளைகள் மூவர். மூத்தவருக்கு நல்ல வேலை, நடுவில் உள்ளவருக்குச் சுமாரான சம்பளம், கடைசி மகள்தான் அம்மாவைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். இந்தக் குடும்பம் எப்படிப் பிரித்துக்கொள்ளும்?

முதலில், ‘அம்மாவுக்கு என்ன தேவை’ என்று பார்ப்பார்கள். பிறகு, ‘யாரால் எவ்வளவு முடியும்’ என்று பார்ப்பார்கள். மூத்தவர் கூடுதலாகத் தருவார். மகள் காசு குறைவாகத் தந்தாலும், குளிப்பாட்டுவதும் சோறூட்டுவதும் அவர்தான் என்பதை எல்லாரும் மனத்தில் வைத்துக்கொள்வார்கள். அண்ணனும் தங்கையும் ஆறு மாதமாகப் பேசிக்கொள்ளவில்லை என்பதற்காக அம்மாவின் மாத்திரை நிற்காது.

பிள்ளைக்கான பராமரிப்பும் இதே ஏற்பாடுதான். தேவை, சக்தி, அன்றாடம் பார்த்துக்கொள்பவரின் உழைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது. பெற்றோர் இருவருக்கும் கடமை சமம். ஆனால் இருவரும் தரும் வெள்ளி சமமாக இருக்க வேண்டியதில்லை.

ஆக இதுவரை: காசு பிள்ளைக்கு, கடமை இருவருக்கும், பங்கு அவரவர் சக்திக்கு ஏற்ப.

எவ்வளவு என்று எப்படித் தீர்மானிப்பது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: “சம்பளத்துல எத்தனை விழுக்காடு?” சிங்கப்பூரில் அப்படி ஒரு விழுக்காடு கிடையாது. ‘ஒரு பிள்ளைக்கு இவ்வளவு, இரண்டு பிள்ளைக்கு இவ்வளவு’ என்ற பட்டியலும் சட்டத்தில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஐந்நூறு என்று ஆணை வந்திருந்தால் உங்களுக்கும் ஐந்நூறு வரும் என்று நினைக்க வேண்டாம்.

நீதிமன்றம் பார்ப்பவை: பிள்ளையின் தேவைகள், பெற்றோரின் வருமானமும் சொத்தும், அவர்களுடைய சம்பாதிக்கும் திறன், பிள்ளைக்கு உடற்குறையோ மனநலக் குறையோ உண்டா, குடும்பம் பிரியும்வரை பிள்ளை எப்படி வாழ்ந்தது, எப்படிப் படிக்க வைப்பதாகப் பெற்றோர் எண்ணியிருந்தார்கள் என்பவை. இவற்றில் சம்பாதிக்கும் திறன் என்பதைக் கவனியுங்கள். ஒருவர் இன்று கையில் வாங்கும் சம்பளம் மட்டும் கணக்கில்லை, அவரால் நியாயமாகச் சம்பாதிக்கக்கூடியதும் கணக்குதான். வழக்கு வருகிறது என்றதும் நல்ல வேலையை விட்டுவிட்டு, “எனக்கு வருமானமே இல்லை” என்று வந்து நிற்பவரின் பேச்சை நீதிமன்றம் அப்படியே எடுத்துக்கொள்ளாது.

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொடக்கநிலை மூன்றில் படிக்கும் ஒரு மகன், அம்மாவுடனும் பாட்டியுடனும் வாழ்கிறான். மத்திய சேமநிதி போக அப்பாவின் கைக்கு 4,500 வெள்ளி வருகிறது, அம்மாவின் கைக்கு 2,700 வெள்ளி.

அந்த வீட்டின் வாடகை, மின்சாரம், தண்ணீர் எல்லாம் சேர்த்து மாதம் 720 வெள்ளி. வீட்டில் மூன்று பேர் என்பதால் பையனின் பங்கு 240. பலர் விட்டுவிடுவது இந்தப் பங்கைத்தான். பிள்ளை கூரையின் கீழ்தானே தூங்குகிறது, அதுவும் பிள்ளையின் செலவுதான். சாப்பாடும் பள்ளிக்கூடத்து உணவகச் செலவும் 350. பள்ளி முடிந்து அம்மா வேலையிலிருந்து வரும்வரை இருக்கும் மாணவர் பராமரிப்பு நிலையத்துக்கு 300. துணைப்பாட வகுப்புக்கு 160. பேருந்து, கைப்பேசிக்கு 60. உடை, காலணிக்கு 50. பலதுறை மருந்தகத்துக்கும் பல் மருத்துவருக்கும் சராசரியாக 40. கூட்டினால் 1,200 வெள்ளி.

பெற்றோர் இருவரின் வருமானமும் சேர்ந்து 7,200. அதில் அப்பாவுடையது ஐந்து பங்கு, அம்மாவுடையது மூன்று பங்கு. 1,200 வெள்ளியை அதே விகிதத்தில் பிரித்தால் அப்பா 750, அம்மா 450. பையன் அம்மாவிடம் இருப்பதால், அப்பா மாதம் 750 வெள்ளியை அம்மாவின் கணக்கில் போடுவார். அம்மாவின் 450 யார் கண்ணுக்கும் தெரியாமல் அரிசியாகவும் பாலாகவும் செலவாகிக்கொண்டிருக்கும். “நான் மட்டும்தான் தர்றேன்” என்று அப்பாவுக்குத் தோன்றுவது இதனால்தான். அவர் பணம் வங்கி அறிக்கையில் வரியாகத் தெரிகிறது, அம்மாவின் பணம் தெரிவதில்லை.

வழக்குகள் எல்லாம் இவ்வளவு சுத்தமாக வகுபடாது. கடன், வேறு பிள்ளைகள், நோய் என்று எத்தனையோ இருக்கும். இந்த விகிதம் பேச்சைத் தொடங்க ஓர் இடம், அவ்வளவே.

ரசீதுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு தாய் பழைய மைலோ டின் ஒன்றை மேசைமேல் கவிழ்த்தார். இரண்டு வருட ரசீது. பாதியில் மை மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. அப்படி ஆகும் என்று தெரிந்து, ஒவ்வொன்றின் பின்புறமும் பேனாவால் ‘ஷூ 32.90’, ‘காய்ச்சல் 41’ என்று எழுதி வைத்திருந்தார். பார்க்க நெஞ்சு கனத்தது. ஆனால் அத்தனையும் தேவையில்லை. சிங்கப்பூரில் குடும்ப வழக்குகளின் தீர்ப்புகளில் பிள்ளைகளைக் காக்கப் பெயர்களை மறைத்து வெறும் எழுத்துகளைப் போடுவார்கள். அப்படி டபிள்யூபியூ எதிர் டபிள்யூபிடி என்று அழைக்கப்படும் 2023ஆம் ஆண்டு வழக்கில், ஒவ்வொரு ரசீதையும் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதைவிட, இந்தக் குடும்பத்தின் வசதிக்கு ஒவ்வொரு செலவினத்துக்கும் நியாயமான தொகை எது என்று பார்ப்பதே முறை என்ற வகையில் உயர் நீதிமன்றம் விளக்கியது. கடந்த சில மாதங்களின் பெரிய செலவுகளுக்கு ஆதாரமும் ஒரு தெளிவான பட்டியலும் போதும். அன்றாடச் சில்லறைக்கு வழக்கமாக ஆகும் அளவை எழுதினால் போதும்.

பணம் ஒரு கதவு, பிள்ளையைப் பார்ப்பது இன்னொரு கதவு

முதலில் சொன்ன தாயின் கேள்விக்கு வருவோம். “காசு தராதவருக்கு நான் ஏன் பிள்ளையைக் காட்டணும்?” இதன் மறுபக்கத்தைத் தந்தையர் கேட்பார்கள்: “பிள்ளையைக் காட்டாதவளுக்கு நான் ஏன் காசு தரணும்?”

இங்கே மூன்று சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது. பிள்ளையின் படிப்பு, சமயம், பெரிய மருத்துவச் சிகிச்சை போன்றவற்றில் முடிவெடுக்கும் பொறுப்பைக் காப்புரிமை என்போம். பிள்ளை தினமும் யாருடன் தங்கி வளர்கிறது என்பது அன்றாடப் பராமரிப்பு. மற்றவர் பிள்ளையோடு செலவிடும் நேரம் சந்திப்புரிமை. இந்த மூன்றுக்கும் பராமரிப்புத் தொகைக்கும் இடையே எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. சந்திப்பைத் தடுப்பவர்மீது அதற்கென உள்ள வழியில் நீதிமன்றத்தை நாட வேண்டும். பணம் தராதவர்மீது அதற்குரிய வழியில் நாட வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை நிறுத்தினால் நிறுத்தியவரும் ஆணையை மீறியவராகிவிடுகிறார்.

இதை மொழிபெயர்க்கும்போதெல்லாம் எதிரில் இருப்பவரின் முகம் மாறும். அநியாயமாகத் தோன்றும், எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு யோசித்துப் பார்த்தேன். பிள்ளைக்கு இரண்டு உரிமை: சாப்பிடவும் உரிமை, அப்பா அம்மா இருவர் மடியிலும் உட்காரவும் உரிமை. ஒன்று கிடைக்கவில்லை என்பதற்காக இன்னொன்றையும் பிடுங்கினால் இரண்டையும் இழப்பது பிள்ளைதான்.

மணவிலக்கு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். இதைத் தெரியாமலே எத்தனையோ பேர் வருடக்கணக்கில் கஷ்டப்படுகிறார்கள். சிங்கப்பூரில் பொதுவாகத் திருமணமாகி 3 ஆண்டு ஆன பிறகே மணவிலக்குக்கு மனு செய்ய முடியும். பிரிந்து வாழ்வதைக் காரணமாகக் காட்டினால் மற்றவர் சம்மதத்தோடு 3 ஆண்டு, சம்மதம் இல்லாவிட்டால் 4 ஆண்டு பிரிந்திருக்க வேண்டும். பிள்ளையின் வயிறு அத்தனை காலம் பொறுக்குமா? மாதர் சாசனத்தின் 69ஆம் பிரிவின்கீழ், மணவிலக்குக்கு மனுவே செய்யாதவரும் பிள்ளைக்கான பராமரிப்புத் தொகை கேட்கலாம். கணவனும் மனைவியும் ஒரே வீவக வீட்டில் வேறு வேறு அறையில் இருந்தாலும் கேட்கலாம். மணவிலக்கு வழக்கு நடந்துகொண்டிருந்தால், தீர்ப்பு வரும்வரைக்குமான இடைக்காலத் தொகையையும் கேட்கலாம்.

முடிவு எப்போது? பிள்ளைக்கு 21 வயது ஆகும்வரை. பதினெட்டு இல்லை. இருபத்தொன்றைத் தாண்டியும் நீட்டிக்கச் சட்டத்தில் இடமுண்டு: பிள்ளை முழுநேரப் படிப்பில் இருந்தால், முழுநேரத் தேசிய சேவையில் இருந்தால், உடற்குறை அல்லது மனநலக் குறை இருந்தால், வேறு சிறப்புக் காரணம் இருந்தால். நம் ஊர்ப் பையன்களை நினைத்துப் பாருங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியை முடித்து, தேசிய சேவையை முடித்து, பல்கலைக்கழகத்தில் கால் வைக்கும்போதே இருபத்திரண்டு ஆகிவிடும். “இருபத்தொண்ணு ஆயிடுச்சு, இனி நீயே பாத்துக்க” என்று சொல்லிவிட முடியாதபடி சட்டம் இதை யோசித்து வைத்திருக்கிறது. 21 தாண்டிய பிள்ளை தானே நேரடியாகவும் மனு செய்யலாம்.

யாரெல்லாம் கேட்கலாம்?

பிள்ளையை உண்மையில் வைத்து வளர்ப்பவர் யாராயினும் கேட்கலாம். பாட்டி வளர்த்தால் பாட்டியும் கேட்கலாம், 21 வயதான அக்காவோ அண்ணனோ தம்பி தங்கைக்காகக் கேட்கலாம். திருமணம் ஆகாமல் பிறந்த பிள்ளைக்கும் முழு உரிமை உண்டு. இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டத்தின் முன் அந்தப் பிள்ளை குறைந்த பிள்ளை இல்லை.

இரத்த உறவில்லாத ஒருவர் பிள்ளையைத் தன் குடும்பத்தில் ஒருவராக ஏற்று வளர்த்தால், அவருக்கும் சில நிலைகளில் கடமை வரும்.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் ஒரு தனிக் குழப்பம் இருக்கிறது. மணவிலக்கு ஷரியா நீதிமன்றத்தில் நடக்கும். மணவிலக்குக்குப் பின் மனைவி காத்திருக்கும் இத்தா காலத்துக்கான பராமரிப்பும், அவருக்குத் தரும் ஆறுதல் தொகையான முத்ஆவும் அங்கேதான் பேசப்படும். ஆகவே பிள்ளைக்கான தொகையையும் அங்கேயே கேட்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். பிள்ளைக்கான தொகைக்கு முஸ்லிம்களும் குடும்ப நீதிமன்றத்தில்தான் மனு செய்ய வேண்டும். மாதர் சாசனத்தின் பராமரிப்புப் பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

வாட்ஸ்அப் உறுதிமொழியும் நீதிமன்ற ஆணையும்

“நாங்களே பேசி முடிச்சிக்கிட்டோம், மாசம் அறுநூறு” என்பார்கள். பேசி முடிப்பது நல்லது, சண்டை இல்லாமல் முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. ஆனால் அந்த அறுநூறு நின்றுபோனால்? வாட்ஸ்அப் செய்தியை வைத்து வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது. நீதிமன்ற ஆணை என்பது, மீறினால் பின்விளைவு உள்ள எழுத்துபூர்வமான கட்டளை. இருவரும் ஒத்துக்கொண்டதையே நீதிமன்றத்தில் பதிவுசெய்து ஆணையாக்கலாம். அதை இணக்க ஆணை என்பார்கள்.

சிலர் எழுதியே கொடுத்துவிடுகிறார்கள்: “எனக்கு வீட்டைக் கொடுத்துவிட்டார், பிள்ளைக்கு எதுவும் கேட்க மாட்டேன்.” பிள்ளையின் காசைப் பெற்றோர் விட்டுக்கொடுத்துவிட முடியாது. அப்படி எழுதியிருந்தாலும் பிள்ளையின் நலனுக்காக நீதிமன்றம் பின்னர் அதை மாற்ற முடியும்.

மனு செய்வது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடும்ப நீதிமன்றங்களின் இணைய முறையில் சிங்பாஸ் கொண்டு மனு செய்யலாம். மற்றவருக்கு அழைப்பாணை போகும். பெரும்பாலும் முதலில் நீதிமன்றத்திலேயே ஒரு சமரசப் பேச்சு நடக்கும். அங்கே முடிந்தால் அன்றே ஆணை. முடியாவிட்டால் இருவரும் வருமான, செலவு ஆவணங்களைக் கொடுக்க வேண்டும், பிறகு விசாரணை. இந்த வகை மனுவுக்கு வழக்கறிஞர் கட்டாயம் இல்லை.

ஆணை வந்த பிறகு ஒரு சின்ன ஒழுங்கு பெரிய சண்டையைத் தவிர்க்கும். கையில் காசாகக் கொடுக்காதீர்கள். பேநவ் அல்லது வங்கி வழியாக, ஒவ்வொரு மாதமும் அதே தேதியில், ‘மே மாதப் பராமரிப்பு’ என்று குறிப்பெழுதி அனுப்புங்கள். பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த சைக்கிளையும் பிறந்தநாள் உடையையும் அந்த மாதத் தொகையில் கழித்துக்கொள்ள வேண்டாம். ஆணையில் அப்படிச் சொல்லியிருந்தால் ஒழிய அது அன்பளிப்புதான்.

பணம் வராவிட்டால்

2025 தொடக்கம்வரை இதில் பெரிய வேதனை ஒன்று இருந்தது. எதிர்த்தரப்பு, “கையில் காசில்லை” என்று சொன்னால், இருக்கிறது என்று காட்ட வேண்டிய பாரம் பணம் வராதவர் தலையில்தான் விழும். எந்த வங்கியில் கணக்கு, எங்கே வேலை, என்ன சம்பளம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

2023இல் நிறைவேறிய குடும்ப நீதிச் சீர்திருத்தச் சட்டம் இதை மாற்றியது. 2025 ஜனவரி 16 முதல் புதிய பராமரிப்பு அமலாக்க முறை நடப்பில் இருக்கிறது. சட்ட அமைச்சைச் சேர்ந்த பராமரிப்பு அமலாக்க அதிகாரிகள், இரு தரப்பின் பண நிலையை அவர்களிடமும், தேவைப்பட்டால் வங்கிகள், அரசு அமைப்புகளிடமும் கேட்டு அறிவார்கள், சமரசத்துக்கு முயல்வார்கள், முடியாவிட்டால் நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவார்கள். இல்லாததால் தர முடியாதவர் யார், இருந்தும் தர மறுப்பவர் யார் என்று பிரித்துப் பார்ப்பதே இந்த முறையின் உயிர். முதலாமவருக்கு உதவி தேவை, இரண்டாமவருக்குக் கண்டிப்பு தேவை. இருவரையும் ஒரே தட்டில் வைத்தால் இரண்டுமே தவறாகிவிடும்.

தர மறுப்பவர்மீது நீதிமன்றம் எடுக்கக்கூடிய நடவடிக்கைகள் பல. முதலாளியே சம்பளத்திலிருந்து பிடித்து அனுப்பும்படி ஆணையிடலாம். வங்கிக் கணக்கில் உள்ள பணத்தை நேரடியாகப் பெற ஆணையிடலாம். வங்கி உத்தரவாதம் கேட்கலாம், அபராதம் விதிக்கலாம், சமூகச் சேவை செய்யச் சொல்லலாம், நிதி ஆலோசனைக்கு அனுப்பலாம். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம்வரை சிறைத்தண்டனையும் உண்டு. “உள்ளே போய் வந்துட்டா கடன் தீர்ந்துடும்” என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். தீராது. சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி பாக்கியாகவே இருக்கும்.

பாக்கியை ஆண்டுக்கணக்கில் சேரவிடாதீர்கள். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பழைய பாக்கியைப் பெறுவது கடினமாகிவிடும். இரண்டு மூன்று மாதம் வரவில்லை என்றதுமே கேளுங்கள்.

உண்மையிலேயே தர முடியாதவருக்கு

வேலை போய்விட்டது. உடம்பு படுத்துவிட்டது. இப்படி வருபவர்களில் பலர் செய்யும் தவறு, வெட்கத்தில் ஒதுங்கிவிடுவது. அழைப்பை எடுக்க மாட்டார்கள், நீதிமன்றக் கடிதத்தைப் பிரிக்க மாட்டார்கள். அல்லது தாங்களே முடிவுசெய்து அறுநூறை இருநூறாக்கிவிடுவார்கள். ஆணையில் உள்ள தொகையை நீதிமன்றம்தான் குறைக்க முடியும். சூழ்நிலை மாறினால் ஆணையை மாற்றக் கோரி மனு செய்யலாம்; வேலை நீக்கக் கடிதம், மருத்துவச் சான்று, வங்கி அறிக்கை ஆகியவற்றோடு உடனே போக வேண்டும். அதுவரைக்கும் முடிந்ததை அனுப்பிக்கொண்டே இருங்கள். ஐம்பது வெள்ளியானாலும், ஒவ்வொரு மாதமும் வந்த ஐம்பது வெள்ளி உங்கள் மனத்தை நீதிமன்றத்துக்குக் காட்டும்.

இதே வழி மறுபக்கத்துக்கும் உண்டு. பிள்ளை பாலர் பள்ளியில் இருந்தபோது விதித்த தொகை உயர்நிலைப் பள்ளிக்குப் போதவில்லை என்றால், கூட்டிக் கேட்டு மனு செய்யலாம்.

சட்ட உதவி எங்கே கிடைக்கும்?

எல்லாருக்கும் வழக்கறிஞர் தேவைப்படாது. இருவரும் மாதச் சம்பளக்காரர்கள், ஒரு பிள்ளை, பெரிய சிக்கல் இல்லை என்றால் தாங்களே மனு செய்து நடத்துபவர்கள் ஏராளம். சொந்தத் தொழில் நடத்துபவர், வருமானத்தை மறைப்பவர், வெளிநாட்டில் சொத்து வைத்திருப்பவர், நாட்டைவிட்டே போய்விட்டவர் எதிர்த்தரப்பில் இருந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள். முதல் சந்திப்பிலேயே, மொத்தம் எவ்வளவு ஆகும், எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வசதி குறைந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சட்ட அமைச்சின்கீழ் சட்ட உதவிப் பிரிவு இருக்கிறது. 1958 முதல் இயங்கிவருகிறது. வருமானமும் சேமிப்பும் வரம்புக்குள் இருக்கிறதா, வழக்கில் நியாயம் இருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்து வழக்கறிஞரை ஏற்பாடு செய்யும். ப்ரோ போனோ எஸ்ஜி அமைப்பும் பல சமூக மன்றங்களும் இலவச ஆலோசனை நேரங்கள் நடத்துகின்றன. அங்கே பொதுவாக இருபது நிமிடம்தான் கிடைக்கும். வழி சொல்வார்கள், உங்களுக்காக நீதிமன்றத்தில் வாதாட மாட்டார்கள். வாட்டர்லூ ஸ்திரீட்டில் உள்ள சிங்கப்பூர் மாதர் அமைப்புகள் மன்றம், பராமரிப்புத் தொகை கிடைக்காதவர்களுக்கென்றே ஓர் உதவி மையம் நடத்துகிறது. பணத்தோடு மற்ற பாரங்களும் சேர்ந்து அழுத்தினால், அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையத்துக்குப் போங்கள். பீட்டி ரோட்டில் சிண்டாவின் குடும்பச் சேவை நிலையத்தில் தமிழிலேயே பேசலாம்.

அந்த இருபது நிமிடத்தில் பதினைந்து நிமிடம் திருமணக் கதையிலேயே போய்விடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் கதை சொல்லப்பட வேண்டிய கதைதான். ஆனால் வழக்கறிஞருக்கு முதலில் தேவைப்படுவது ஒரு கோப்பு: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் இருந்தால் அது, ஏற்கெனவே ஆணை இருந்தால் அதன் நகல், உங்கள் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பணம் வந்த அல்லது வராத மாதங்களைக் காட்டும் வங்கி அறிக்கை, ஒரே தாளில் பிள்ளையின் மாதச் செலவுப் பட்டியல்.

மைலோ டின் கொண்டுவந்த தாய்க்கு அன்று அந்தப் பட்டியலைத்தான் சேர்ந்து எழுதினோம். அரைப் பக்கம் வந்தது. வீட்டு வாடகையில் பிள்ளையின் பங்கை அவர் எழுதவே இல்லை, கேட்டுத்தான் சேர்த்தோம். கிளம்பும்போது தயங்கி நின்று, நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் அக்கா, நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். மனு செய்யும்போதே தமிழில் பேச விரும்புவதாகக் குறிப்பிட்டுவிடுங்கள் என்றேன். அதையும் பட்டியலின் மேல் ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டார்.